விடியும்வரை மின்சாரம்: ஆர்.வி. முகாமில் பவர் ஸ்டேஷனைப் பயன்படுத்தும் முறை

என் அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் தொந்தரவு இருக்கிறது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி இல்லாமல் ஆறு வருடங்களாக அவர் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை. நாங்கள் ஆர்.வி.யில் (படுக்கையும் சமையல் வசதியும் உள்ள வீட்டு வண்டி) முகாமுக்குப் போகத் தொடங்கிய புதிதில், மின் இணைப்பே இல்லாத ஓர் இடத்தில் தங்கினோம். 1,000 வாட்-மணி கொள்ளளவுள்ள பவர் ஸ்டேஷனை (பிளக்குகள் வைத்த பெரிய பேட்டரிப் பெட்டி) முழுவதும் சார்ஜ் செய்துவிட்டு, இரவு 10 மணிக்கு நிம்மதியாகப் படுத்தேன். அதிகாலை 3 மணிக்கு அப்பா என் தோளைத் தொட்டு எழுப்பினார். “கருவி நின்றுவிட்டதம்மா. நீ தூங்கு, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்” என்றார். விடியும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தார்.

காலையில் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஈரப்பதமூட்டியும் சூடான குழாயும் சேர்த்து அந்தக் கருவி இழுத்தது சுமார் 55 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 275 வாட்-மணி. அப்படியானால் பாதிக்கு மேல் மிச்சம் இருந்திருக்க வேண்டும். மீதி எங்கே போனது என்று தேடியபோதுதான் புரிந்தது. வண்டியின் மின் இணைப்புக் கேபிளை அப்படியே பவர் ஸ்டேஷனில் செருகியிருந்தேன். வண்டிக்குள் இருக்கும் கன்வெர்ட்டர் (மாறுமின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக்கும் கருவி) தனக்கு வெளி மின்சாரம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வண்டியின் 12 வோல்ட் பேட்டரியை இரவெல்லாம் சார்ஜ் செய்துகொண்டிருந்தது. சராசரியாக 110 வாட் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரத்தில் 550 வாட்-மணி. இரண்டும் சேர்த்து 825. மிச்சமிருந்த 175, நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் சூடாகக் காற்றில் கலந்துவிட்டது.

நாம் தெரிந்து பயன்படுத்துவதைவிட, நமக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பவைதான் பவர் ஸ்டேஷனைக் காலி செய்கின்றன. அவற்றைத் தேடிப்பிடித்து நிறுத்துவதே இந்த வேலையில் பெரும்பகுதி. அதே பவர் ஸ்டேஷனில் இப்போது அப்பாவின் கருவி இரவு முழுக்க ஓடியும் காலையில் திரையில் 80 சதவீதம் காட்டுகிறது. அங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். (ஏ.சி. என்று நான் எழுதும் இடங்களில் பவர் ஸ்டேஷனின் மாறுமின்சாரப் பொத்தானைக் குறிக்கிறேன். வண்டிக் கூரையில் இருப்பதைக் குளிரூட்டி என்றே எழுதுகிறேன்.)

முதலில் அளந்து பாருங்கள்

பவர் ஸ்டேஷன் பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். வாட்-மணி என்பது தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது. வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பது. 1,000 வாட்-மணியும் 1,000 வாட் வெளியீடும் கொண்ட பெட்டியில் 1,500 வாட் கெட்டிலைச் செருகினால், தொட்டி நிறைந்திருந்தும் பெட்டி தன்னை அணைத்துக்கொள்ளும். கெட்டி எழுத்தில் போட்டிருக்கும் ‘சர்ஜ்’ எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது மோட்டார் கிளம்பும் ஓரிரு நொடிகளுக்கு மட்டும்தான்.

சுவர் பிளக்கில் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். எந்தப் பெட்டியை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். முகாமுக்கு எடுத்துப் போகப்போகும் ஒவ்வொரு கருவியையும் வீட்டிலேயே ஒரு முழு நாள் அதில் ஓட்டிப் பாருங்கள். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருப்பது அது இழுக்கக்கூடிய உச்ச அளவு. உண்மையில் இழுப்பது வேறு. அப்பாவின் கருவிக்கான சீட்டில் 90 வாட் என்று இருக்கிறது. ஈரப்பதமூட்டியை நிறுத்திவிட்டு 12 வோல்ட்டில் ஓட்டினால் அது 14க்கும் 20க்கும் இடையில்தான் இழுக்கிறது. பவர் ஸ்டேஷனின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் மூச்சை இழுக்கும்போது எண் ஏறுவதும் விடும்போது இறங்குவதும் தெரியும். பதினாறு, பத்தொன்பது, பதினாறு, பதினைந்து. சில இரவுகளில் நான் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறேன்.

என் நோட்டில் இருக்கும் சில கணக்குகளைத் தருகிறேன், உங்கள் மீட்டர் வேறு சொன்னால் மீட்டரை நம்புங்கள். செல்போனை ஒரு முறை முழுவதும் சார்ஜ் செய்ய 15 முதல் 20 வாட்-மணி. மடிக்கணினிக்கு 60 முதல் 80. எல்.இ.டி. விளக்கு ஒன்று 4 வாட், மாலை முழுக்க எரிந்தாலும் 20 வாட்-மணி தாண்டாது. கூரை விசிறி மெதுவாக ஓடினால் 10 வாட்டைச் சுற்றி, முழு வேகத்தில் 40. கம்ப்ரஸர் வைத்த 12 வோல்ட் குளிர்ப்பெட்டி ஓடும்போது 50 வாட் இழுக்கும். ஆனால் நாள் முழுக்க ஓடாது, விட்டு விட்டு ஓடும். மிதமான வெயிலில் ஒரு நாளைக்கு 400 முதல் 500 வாட்-மணி, கடும் வெயிலில் அதற்கும் மேல். எரிவாயு ஹீட்டர்கூட மின்சாரம் கேட்கும். சூடு எரிவாயுவிலிருந்து வந்தாலும் அதன் காற்றாடி ஓடும் நேரமெல்லாம் சுமார் 100 வாட் எடுக்கும். குளிர் இரவுகளில் பலர் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

சூடாக்கும் கருவிகள்தான் எதிரி. 1,500 வாட் கெட்டிலில் ஐந்து நிமிடம் தண்ணீர் கொதிக்க வைத்தால் 125 வாட்-மணி போய்விடும். அப்பாவின் கருவி ஓர் இரவு முழுக்க எடுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த ஒப்பீட்டை நோட்டில் எழுதிய நாளிலிருந்து எங்கள் வண்டியில் தண்ணீர் எரிவாயு அடுப்பில்தான் கொதிக்கிறது. தலைமுடி உலர்த்தி, டோஸ்டர், தூண்டல் அடுப்பு எல்லாம் இதே வகை. மைக்ரோவேவில் ஒரு சிறு ஏமாற்றம் உண்டு. 700 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போகும் அளவு. பிளக்கிலிருந்து அது 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

கூரைக் குளிரூட்டியை இந்தப் பெட்டிகளில் ஓட்ட முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய பெட்டியால் முடியும். ஆனால் 13,500 பி.டி.யு. (குளிர்விக்கும் திறனின் அளவு) குளிரூட்டி ஒன்று ஓடும்போது 1,200 முதல் 1,500 வாட் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். மென்தொடக்கக் கருவி பொருத்தினால் கிளம்புவது எளிதாகும். தொடர்ந்து ஓடுவதற்கு அது உதவாது. 2,000 வாட்-மணிப் பெட்டியே ஒன்றேகால் மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் காலியாகிவிடும். நிழலில் வண்டியை நிறுத்தி, விசிறியை ஓடவிடுவதே என் வழி.

எல்லாவற்றையும் கூட்டி ஒரு நாளைய தேவையைக் கண்டுபிடித்த பிறகு, அதோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால் நூறில் பத்துப் பதினைந்து வழியிலேயே இழப்பாகும் என்பதால் அந்தக் கால் பங்கு ஆடம்பரம் இல்லை. எடையையும் யோசியுங்கள். 1,000 வாட்-மணிப் பெட்டி 10 முதல் 15 கிலோ, 2,000 என்றால் பெரும்பாலும் 20 கிலோவைச் சுற்றியோ அதற்கு மேலோ. படியேறி வண்டிக்குள் தூக்கி வைக்கப்போவது யார் என்பதும் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி.

வாங்கும்போது நான் பார்ப்பவை

முதலில் பேட்டரியின் வேதியியல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையையே தேர்ந்தெடுங்கள். 1997இல் ஜான் குட்இனஃப்பின் ஆய்வுக் குழு அறிமுகப்படுத்திய நேர்மின்வாய்ப் பொருள் இது. 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். இந்தப் பொருளில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், சூடு மிகுந்தாலும் மற்ற வகைகளைப் போல எளிதில் ஆக்சிஜனை வெளிவிட்டுத் தீயை வளர்க்காது. நாம் தூங்கும் அறையில் வைக்கும் பொருளுக்கு இந்தக் குணம் முக்கியம். ஆயுளும் அதிகம். 3,000 முறை சார்ஜ் செய்து தீர்த்த பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும் என்று பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகைக்கு அது 500 முதல் 1,000 வரைதான். எடை மட்டும் சற்றுக் கூடுதல்.

அடுத்தது, தானாக அணையும் நேரத்தை மாற்ற முடிகிறதா என்பது. இதை விளம்பரத்தில் போடமாட்டார்கள், கையேட்டில் தேட வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்க, இழுவை மிகக் குறைவாக இருந்தால் யாரும் பயன்படுத்தவில்லை என்று கருதி வெளியீட்டை நிறுத்திவிடும் ஏற்பாடு பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. நான் முதல் பாடத்துக்குப் பிறகு ஈரப்பதமூட்டியை நிறுத்தி, கன்வெர்ட்டரையும் துண்டித்துவிட்டு, வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் கருவி நின்றுவிட்டது, பேட்டரியோ 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கருவி இழுத்த சிறிய அளவைப் பெட்டி ‘இழுவையே இல்லை’ என்று எண்ணியிருக்கிறது. கம்ப்ரஸர் குளிர்ப்பெட்டிக்கும் இதே ஆபத்து உண்டு. கம்ப்ரஸர் ஓய்வெடுக்கும் இடைவெளியில் பவர் ஸ்டேஷன் அணைந்துவிட்டால், மறுநாள் திறந்து பார்க்கும்போதுதான் உள்ளே எல்லாம் வெதுவெதுப்பாக இருப்பது தெரியும். அமைப்புகளில் போய் ஏ.சி., 12 வோல்ட் இரண்டுக்கும் ‘ஒருபோதும் அணையாதே’ என்று வைத்துவிடுங்கள். மென்பொருளைப் புதுப்பித்த பிறகு அது பழையபடி மாறியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

12 வோல்ட் வெளியீடு சீராக்கப்பட்டதா என்று கேளுங்கள். பேட்டரி இறங்க இறங்க வோல்ட்டும் இறங்கினால் குளிர்ப்பெட்டி தன் பாதுகாப்புக்காக முன்கூட்டியே நின்றுவிடும். வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை தரும் தூய சைன் அலை இன்வெர்ட்டர், நீங்கள் இருக்கும் நாட்டின் வோல்ட்டுக்கும் ஹெர்ட்ஸுக்கும் ஏற்ற வெளியீடு, இவை இல்லாமல் வாங்க வேண்டாம். விமானத்தில் போய் இறங்கி அங்கே ஆர்.வி. வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால், பெட்டியை இங்கிருந்து கொண்டுபோக முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.

எப்படி இணைப்பது

என் விதி இதுதான்: 12 வோல்ட்டில் ஓடக்கூடிய எதையும் 12 வோல்ட்டிலேயே ஓட்டு. ஏ.சி. பொத்தானை அழுத்திய உடனேயே, எதையும் செருகாவிட்டாலும், இன்வெர்ட்டர் 10 முதல் 20 வாட் வரை தின்னத் தொடங்கிவிடும். பத்து மணி நேர இரவுக்கு அது 100 முதல் 200 வாட்-மணி. சும்மா விழித்திருப்பதற்கான கூலி அது. சிபேப் கருவிகளில் பல 24 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்குத் தயாரிப்பாளரே தரும் 12 வோல்ட் அடாப்டர் தனியாகக் கிடைக்கும், அதையே வாங்குங்கள். ஈரப்பதமூட்டியை நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அப்பாவின் மருத்துவர் முகாம் இரவுகளுக்குச் சம்மதித்தார். எல்லோருக்கும் அது பொருந்தாது.

கம்பியின் தடிமனை யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். குளிர்ப்பெட்டி 6 ஆம்பியர் இழுக்கிறது, கம்பி 5 மீட்டர் நீளம் என்று வையுங்கள். 0.75 சதுர மி.மீ. கம்பியானால் போய்வரும் வழியில் சுமார் 1.4 வோல்ட் தொலைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. கம்பியானால் 0.4 வோல்ட்தான். குளிர்ப்பெட்டி அடிக்கடி ‘குறைந்த வோல்ட்’ பிழை காட்டினால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் கம்பியைத் தொட்டுப் பாருங்கள், சிகரெட் லைட்டர் பிளக் சூடாக இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்ப்பெட்டியில் பேட்டரிப் பாதுகாப்பு அளவை மாற்றும் வசதி இருந்தால் ‘குறைவு’ என்று வையுங்கள். பவர் ஸ்டேஷனுக்குத் தன்னையே காத்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது.

முழு வண்டிக்கும் மின்சாரம் கொடுக்க விரும்பினால், வண்டியின் மின் இணைப்புக் கேபிளைத் தகுந்த அடாப்டர் வழியாகப் பவர் ஸ்டேஷனில் செருகலாம். செருகுவதற்கு முன் வண்டிக்குள் போய் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பிரேக்கர் பலகையைத் திறந்து கன்வெர்ட்டர் பிரேக்கரை அணையுங்கள். பேட்டரியை வைத்து இன்னொரு பேட்டரியை நிரப்பி, நடுவில் இரண்டு முறை இழப்பதில் யாருக்கும் பயன் இல்லை. சில வண்டிகளில் கன்வெர்ட்டர் வேறு பிளக்குகளோடு ஒரே பிரேக்கரில் இருக்கும். அப்போது அதன் பிளக்கையே உருவ வேண்டியிருக்கும். அடுத்து, வெந்நீர்க் கொதிகலனை எரிவாயுவுக்கு மாற்றுங்கள், அதன் உள்ளிருக்கும் சூடேற்றும் கம்பி 1,400 வாட் அளவில் இழுக்கும். பிறகு குளிர்ப்பெட்டி. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் பழைய வகையாக இருந்து ‘ஆட்டோ’வில் இருந்தால், மின்சாரம் வந்தவுடன் அது எரிவாயுவை விட்டுவிட்டு மின்சாரத்துக்குத் தாவும். அந்த வகை சுமார் 300 வாட்டைக் கிட்டத்தட்ட நிற்காமல் இழுக்கும். எரிவாயு என்று நீங்களே அழுத்தி வையுங்கள்.

வண்டிக்குள் இருக்கும் பிளக் ஒன்றில் பவர் ஸ்டேஷனைப் பின்வழியாகச் செருகி மின்சாரம் ஏற்றும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த கேபிள் எங்காவது கண்ணில் பட்டால் வெட்டிப் போடுங்கள். மறுமுனை திறந்தபடி மின்சாரத்தோடு இருக்கும், தொட்டவரைக் கொன்றுவிடும். வெளி மின்சாரமோ ஜெனரேட்டரோ அதே நேரத்தில் வந்துவிட்டால் பவர் ஸ்டேஷனும் தீய்ந்துபோகும்.

வண்டியின் மின் பாதுகாப்புக் கருவி ‘எர்த் இல்லை’ என்று சொல்லி மின்சாரத்தை உள்ளே விட மறுக்கலாம். பவர் ஸ்டேஷனின் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு இணைக்கப்படாமல் இருப்பதே காரணம். இதைக் கம்பியை முறுக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். பவர் ஸ்டேஷனின் கையேட்டில் இதற்கென்று ஒரு பகுதி இருக்கும், அது அனுமதிக்கும் வழியை மட்டும் பின்பற்றுங்கள். புரியவில்லை என்றால் கருவிகளை நேரடியாகப் பெட்டியில் செருகிப் பயன்படுத்துங்கள். நான் பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் செய்கிறேன்.

பகலில் நிரப்புவது

சோலார் பேனலில் 200 வாட் என்று எழுதியிருந்தால் நல்ல வெயிலில் 130 முதல் 150 வரும் என்று எதிர்பாருங்கள். ஆய்வகத்தில் 25 டிகிரி சூட்டில் அளந்த எண் அது. வெயிலில் காயும் பேனல் அதைவிட வெகுவாகச் சூடாகும், சூடேறினால் உற்பத்தி குறையும்.

ஒரு நாள் பேனலை விரித்துவிட்டுத் திரையின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தரையில் தட்டையாகக் கிடந்தபோது 96 வாட். பேனலின் தாங்குகாலை ஊன்றி, அதன் நிழல் நேர் பின்னால் விழும்படி திருப்பியதும் 141. பத்து மணிவாக்கில் ஒரு மரக்கிளையின் நிழல், இரண்டு விரல் அகலம்கூட இருக்காது, பேனலின் ஓரத்தில் விழுந்தது. எண் 58க்கு இறங்கியது. ஒரு பேனலின் செல்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை, ஒன்று நிழலில் விழுந்தால் அதன் வரிசையே தளர்ந்துவிடும். அதனால் நான் இப்போது முகாம் இடத்துக்குப் போனதும் முதலில் செய்வது, காலையிலும் மதியத்திலும் நிழல் எங்கே விழும் என்று நடந்து பார்ப்பது. வண்டி நிழலில், பேனல் வெயிலில், நடுவில் நீளமான தடித்த கம்பி. பேனலோடு சேர்த்துப் பெட்டியையும் வெயிலில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சூடேறினால் பெட்டி சார்ஜ் ஆவதை நிறுத்திவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட பேனல்களை இணைக்கும்போது வோல்ட் கணக்கில் கவனம் வேண்டும். தொடராக இணைத்தால் வோல்ட் கூடும், இணையாக இணைத்தால் ஆம்பியர் கூடும். பெட்டியின் உள்ளீட்டு எல்லை 60 வோல்ட், ஒவ்வொரு பேனலின் திறந்த சுற்று வோல்ட் (எதையும் இணைக்காதபோது இருக்கும் வோல்ட்) 22 என்றால், இரண்டைத் தொடராக இணைத்தால் 44, சரி. மூன்றை இணைத்தால் 66, உள்ளிருக்கும் மின்சுற்று பழுதாகலாம், உத்தரவாதத்திலும் அது பெரும்பாலும் வராது. குளிர்ந்த காலையில் பேனலின் வோல்ட் இன்னும் ஏறும். எல்லையைத் தொடும் அளவுக்கு நெருங்காமல் இடம் விட்டு வையுங்கள்.

ஓட்டும்போது சார்ஜ் செய்ய வண்டியின் 12 வோல்ட் சாக்கெட் 100 வாட் அளவில்தான் தரும். நான்கு மணி நேரப் பயணத்தில் 400 வாட்-மணி கிடைத்தால் நல்லது. இன்ஜின் ஓடாதபோது உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டியைக் கிளப்பும் பேட்டரி இறங்கிவிடும். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைக்கும் சார்ஜர்கள் 500 வாட்டுக்கு மேல் தரும். அவற்றை அந்த வேலை தெரிந்தவரிடம் பொருத்திக்கொள்ளுங்கள்.

மின் இணைப்புள்ள முகாமில் நிரப்பும்போது, சார்ஜ் வேகத்தைக் குறைத்து வையுங்கள். முழு வேகத்தில் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும் பெட்டியும் கூரைக் குளிரூட்டியும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். மெதுவாக நிரப்பினால் பெட்டியும் சூடாகாது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மதியம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பெட்டியை நிரப்பிவிட்டால் இரவில் அதைத் தொடவே வேண்டாம். பக்கத்து வண்டியில் தூங்குபவர்களுக்கும் அது நல்லது. புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு பற்றிய பயமும் இரவில் இருக்காது. ஜெனரேட்டர் எப்போதும் வெளியே, ஜன்னல்களிலிருந்து விலகி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி இருக்க வேண்டும்.

சூடு, குளிர், இடம்

லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் உள்ளே நுழையாமல் எதிர்மின்வாயின் மேல் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது. நல்ல பெட்டிகள் சார்ஜை தாமே மறுத்துவிடும். உறைபனிக் காலையில் பேனலை விரித்தும் திரையில் 0 வாட் காட்டினால் பதறாதீர்கள். பெட்டியை வண்டிக்குள் வைத்துச் சற்று வெதுவெதுப்பாக்கிய பிறகு முயலுங்கள். இரவிலும் அதை உள்ளேயே வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. மின்சாரம் எடுப்பது அதைவிடக் கடுங்குளிரிலும் நடக்கும், கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும்.

காற்றுத் துளைகளைச் சுற்றி ஒரு கையகல இடைவெளி விடுங்கள். துணிமணி அடைத்த அலமாரிக்குள்ளோ போர்வைக்கு அடியிலோ வைக்கவே வேண்டாம். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டு நாள் முழுக்க நடக்கப் போவதும் கெடுதல். ஓட்டும்போது பட்டையால் கட்டிவையுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் 15 கிலோ பெட்டி எங்கே பாயும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெட்டி உப்பியிருந்தாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ, ‘உஸ்’ என்று சத்தம் கேட்டாலோ, முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். பெட்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அந்தப் புகை நச்சு. தூரமாகப் போய் நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

இரவு 9 மணி

படுப்பதற்கு முன் நான் செய்வது எப்போதும் ஒரே வரிசைதான். மடிக்கணினி, சார்ஜர் எல்லாவற்றையும் உருவுகிறேன். ஏ.சி. பொத்தானை அணைக்கிறேன். திரையில் 12 வோல்ட் மட்டும் எரிகிறது என்று பார்க்கிறேன். அப்பா முகமூடியை மாட்டி இரண்டு நிமிடம் மூச்சு விட்டதும், வெளியேறும் வாட் எவ்வளவு என்று பார்க்கிறேன். 20ஐச் சுற்றி இருந்தால் படுத்துவிடுவேன். 60 காட்டினால் எங்கோ ஏதோ ஓடுகிறது என்று பொருள், அதைக் கண்டுபிடிக்காமல் படுக்கமாட்டேன். ஒரு முறை அது ஈரப்பதமூட்டி, இன்னொரு முறை வெளியே மறந்துவிட்ட விளக்குச் சரம்.

திரை காட்டும் ‘மீதமுள்ள மணி நேரம்’ இந்த நிமிட இழுவையை வைத்துச் சொல்லும் கணக்கு. கம்ப்ரஸர் ஓடாத நேரத்தில் பார்த்தால் 40 மணி என்று சொல்லும், ஓடும்போது 9 என்று சொல்லும். சதவீதத்தையும் முழுவதுமாக நம்ப முடியாது. இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் வோல்ட் நிறைந்திருக்கும்போதும் பாதியாக இருக்கும்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், மிச்சத்தைக் கணிப்பது பெட்டிக்கே கடினம். பாதிப் பாதியாகவே பல நாள் நிரப்பி வந்தால் 12 சதவீதத்திலிருந்து நேராக 0வுக்குக்கூட விழலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 100 வரை நிரப்புங்கள், கணக்கு நேராகும். எப்படியானாலும் நான் 20 சதவீதத்தை இல்லாததாகவே வைத்துக்கொள்கிறேன்.

உயிரோடு சம்பந்தப்பட்ட கருவி வைத்திருப்பவர்கள் ஒரே பெட்டியை நம்பாதீர்கள். அப்பாவின் படுக்கைக்கு அடியில், கருவியை ஓர் இரவு ஓட்டக்கூடிய சிறிய பெட்டி ஒன்று தனியாக இருக்கிறது. வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் அதே அடாப்டரைச் செருகும் சாக்கெட்டும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அதில் பச்சை நாடா ஒட்டியிருக்கிறேன், இருட்டில் என்னை எழுப்பாமலே அவரால் மாற்றிக்கொள்ள முடியும்.

வீடு திரும்பியதும் பெட்டியை முழுவதுமாகவும் விடாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். 50 முதல் 60 சதவீதத்தில் அணைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து நிரப்புங்கள். நான் பெட்டியின் மேல் தேதி எழுதிய சீட்டு ஒட்டுகிறேன். அப்பா வாரம் ஒரு முறையாவது அதைக் கடந்து போகும்போது படித்துவிட்டு, “இந்த மாதம் 14ஆம் தேதி” என்று நினைவூட்டுகிறார்.